கர்ப்பிணிக்கு இரண்டு அமுக்கு

படூர்
11.8.2024

அன்பு மகள் துர்காதேவிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டி மட்டும் சுகமில்லை, அது அவளிடமிருந்து பிரிந்து தனிக் குடித்தனம் நடத்துகிறது. பெங்களூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போன வாரம் போனில் நீ, "வேலையில நடக்கறதெல்லாம் லெட்டரா எழுதி அனுப்புப்பா, போன்ல கேட்டா மறந்துடுது" என்றாய். போனை வைத்ததும் அம்மாவிடம், "பாத்தியா வசந்தா, என் எழுத்துக்கும் ஒரு ஆளு கீது" என்றேன். "ஒம்போதாவதுல ரெண்டு தபா தமிழ்லயே ஃபெயிலான எழுத்துக்கா?" என்றாள். அந்த அவமானத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

காகிதத்தைப் பார்த்து மிரளாதே. போன கண்காட்சிக்கு அச்சடித்து மிச்சமான விளம்பரத்தாள். ஆறாயிரம் அடித்தார்கள், நாற்பது போனது. முன்பக்கம் எனக்குப் புரியாத இங்கிலீஷ், பின்பக்கம் சுத்தமான வெள்ளை. எனக்கு அதில் பிடித்த பக்கம் அதுதான். வழவழ தாள் என்பதால் பேனா வழுக்குகிறது. போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள், காகிதத்தையும் பேனாவையும் யாரும் கேட்பதில்லை. ஆள் வராத நேரத்தில் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். முட்டுக்காடு தாண்டி, கோவளத்துக்கு முன்னால், ஈசிஆர் ரோட்டு மேலேயே 'அலைக்கரை சமகாலக் கலைவெளி'. பெயர்ப்பலகை என்னைவிட உயரம். அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. வாசலில் நான். கையில் கட்டைவிரலால் அமுக்குகிற எண்ணு மிஷின். ஆள் உள்ளே போனால் ஒரு அமுக்கு. பதினெட்டு வருஷம் கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றி எண்ணியவன், இப்போது கலைக்கு ஆள் எண்ணுகிறேன். அப்போது எட்டுப் பேரை ஐந்து என்று போலீஸிடம் சொல்வேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

ஒரு விசேஷம். 'பொது ஈடுபாடு' என்று ஒரு பிரிவு, அதற்குத் தலைவர் சாம் என்று ஒரு பிள்ளை, காதில் கடுக்கன், காலில் கிழிந்த ஜீன்ஸ். அவர் போன வாரம் என் தோளில் கை போட்டு, "அண்ணா, டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள ஐம்பதாயிரம் பேர் வந்துட்டா நம்ம ஸ்பேஸ் எங்கயோ போயிடும். உங்களையும் ஏஜென்சில இருந்து எடுத்துப் பெர்மனென்ட் ஆக்கிடறேன்" என்றார். பெர்மனென்ட் என்றால் மருத்துவக் காப்பீடு. காப்பீடு என்றால் என் இடது கண் ஆபரேஷன். ஆட்டோவை விட்டதே அந்தக் கண்ணால்தானே. ஆகவே ஐம்பதாயிரம் என்பது அவர்களுக்குப் பெருமை, எனக்கு ஒரு கண்.

இன்று வரை முப்பத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. வலது கண்ணால் பார்த்து எழுதியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பெங்களூர்
26.8.2024

அன்புள்ள அப்பா,

நான் நலம். அம்மா முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாளா? உன் லெட்டரை மூன்று முறை படித்தேன். பக்கத்து சீட் பெண்ணுக்கும் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னும் எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பது இவைதான்:

1) வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்?
2) உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்?
3) பார்த்ததைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்?
4) அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வருகிறார்களா?

நிதானமாக எழுது. வேலை அதிகம், அதனால் சின்னக் கடிதம்.

உன் துர்கா


படூர்
15.9.2024

அன்பு மகள் துர்காவுக்கு,

நாங்கள் நலம். எண்ணெய் போடுகிறாள், ஆனால் திட்டிக்கொண்டே போடுவதால் பலன் குறைகிறது.

நம்பர் போட்டுக் கேள்வி கேட்டிருக்கிறாய். சோப்பு வாங்குகிறவர்களிடம் கேள்வி கேட்கும் ஆபீஸில் இருக்கிறாயல்லவா, பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பரவாயில்லை, வாத்தியார் கேட்டபோது எழுதாத பதிலை மகள் கேட்டால் எழுதலாம்.

எதற்காக வருகிறார்கள்? ஒண்ணுக்குப் போக வருகிறார்கள்.

சிரிக்காதே. இந்த ரோட்டில் ஒரு பெண்பிள்ளை அவசரத்துக்கு ஒதுங்க இலவசமாக, சுத்தமாக, தாழ்ப்பாள் போடுகிற மாதிரி வேறு இடம் எது? ஊரெல்லாம் ரிசார்ட்டு, எல்லா ரிசார்ட்டுக்கும் பூட்டிய கேட்டு. இங்கே மட்டும் 'அனைவரும் வருக' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஜனங்கள் அதை நம்பிவிட்டார்கள். வேன் டிரைவர்கள் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஏசி கக்கூஸ். "ஏசி கக்கூஸ் ஸ்டாப்பிங், எறங்கறவங்கோ எறங்கு!" நான் வாசலில் விறைப்பாக நின்றுகொண்டு வணக்கம் சொல்வேன்.

கட்டடம் கட்டியவர் கக்கூஸைக் கடைசியில் வைத்திருக்கிறார். அங்கே போக வேண்டுமென்றால் கலையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் கூடத்தில் கட்டுமரக் கட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கோவளம் குப்பத்து ஆள் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்த நான் வெறகுக்குத்தான குட்த்தேன், ஈரம்னு திருப்பிக் கட்டிட்டாங்களா?" என்றார். அடுத்தது இருட்டு அறை. சுவரில் நாற்பத்தேழு நிமிஷம் கடல் அலை படம் ஓடும், வேறொன்றும் வராது. ரோட்டைத் தாண்டினால் அதே கடல் நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் சுவரில் ஓடுகிற கடலுக்கு நாற்றம் கிடையாது, அதனால் எங்கள் பெரிய மேடம் மாதிரி ஆட்கள் அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம்? போகும்போது ஒரு நிமிஷம், வரும்போது ஏழெட்டு நிமிஷம். போகும்போது கலை கண்ணில் படாது. வரும்போதுதான் மனசு லேசாகி, நின்று பார்க்கிறார்கள்.

திருவிடந்தைப் பெருமாளுக்குக் கல்யாண வேண்டுதல் முடித்து வருகிற வேன்தான் அதிகம். போன ஞாயிறு முப்பத்தெட்டு வயசு மாப்பிள்ளை ஒருவர், கழுத்தில் மாலையோடு கட்டுமரத்துக்குக் கீழே நின்று, பாத்ரூம் போன அவர் அம்மாவுக்காகக் காத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த கண்ணாடிக்கார அம்மா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்து, "எக்ஸலன்ட்" என்றாள். அவரோ, பெண்வீட்டுக்காரர்கள்தான் எடுக்கிறார்களோ என்று நேராக நின்று தலையைச் சீவிக்கொண்டார்.

நாலாவது கேள்வி. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வருகிறார்கள், ஆனால் ஒரு முறைதான். பின்பக்கம் கக்கூஸ் வாசலில் நிற்கும் ஜெயினுலாபுதீன் கோவளத்துக்காரன். "உங்க ஊர் ஜனம் ஏன்டா திரும்ப வரதில்ல?" என்று கேட்டேன். "அண்ணாத்த, அவங்க வூட்ல கக்கூஸ் கீது" என்றான்.

அம்மா உனக்காக அதே திருவிடந்தைக்கு ஒரு நடை போகலாமா என்கிறாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்பா


படூர்
13.10.2024

அன்பு மகள் துர்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் வரவில்லை. வேலை இருக்கும். நேற்று விஜயதசமி. கலைவெளியில் ஆயுதபூஜை கிடையாது. என் எண்ணு மிஷினுக்கு மட்டும் யாரும் பார்க்காதபோது ஒரு பொட்டு குங்குமம் வைத்தேன். வழித்தது சரியாகப் போகவில்லை, இன்று எல்லோரும் என் கட்டைவிரலைப் பார்த்து, "இன்னாண்ணே ரத்தம்?" என்றார்கள்.

எண்ணிக்கை நாற்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது. ஒரு நாளைக்கு நூற்று முப்பது வந்தால் கணக்கு சரியாகிவிடும், மழை பிடித்தால் போச்சு. இதைச் சொல்ல வந்தபோதுதான் ஒரு குற்றம் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஆடி மாசத்தில் ஒரு நாள், ஏழு மாச வயிற்றோடு ஒரு பெண், வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணே, போலாமா?" என்றாள். "போம்மா" என்று அமுக்கினேன். அமுக்கிவிட்டு யோசித்தேன். உள்ளே இன்னொன்று இருக்கிறதே, அதுவும்தானே கட்டுமரத்தைத் தாண்டிப் போகிறது, அதற்கு என்ன குறை? இன்னொரு தடவை அமுக்கினேன். அன்றிலிருந்து கர்ப்பிணி வந்தால் இரண்டு அமுக்கு. உன்னைச் சுமந்தபோது அம்மா மதுராந்தகத்துக்குப் பஸ்ஸில் போய் வருவாள், கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கொடுப்பார், எனக்கு அப்போதே அது நியாயமாகப் படவில்லை.

ஜெயினுலாபுதீனுக்குக்கூட இது தெரியாது. அவனிடம் சொன்னால், இரட்டைப்பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பேஜாரு பண்ணுவான்.

அப்பா


பெங்களூர்
20.10.2024

அன்புள்ள அப்பா,

நலம். லெட்டர் கிடைத்த அன்றே எழுதுகிறேன். கர்ப்பிணி விஷயம் சூப்பர். அந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? ஆடியில் எந்தத் தேதியிலிருந்து? உன் ஆட்களில் வேறு யாராவது இப்படிச் செய்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

திருவிடந்தை எல்லாம் இப்போது வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

துர்கா


படூர்
10.11.2024

அன்பு மகள் துர்காவுக்கு,

இங்கே மழை, மற்றபடி நலம். தீபாவளிக்கு நீ வருவாய் என்று அம்மா அதிரசத்தை எட்டு நாள் டப்பாவில் வைத்திருந்தாள். ஒன்பதாம் நாள் எனக்குக் கொடுத்தாள். சர்க்கரைக்காரன் என்பது அன்றைக்கு மட்டும் அவளுக்கு மறந்துவிட்டது.

நீ கேட்டது: ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு, முகூர்த்த நாளில் மூன்று. ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால் ஆரம்பித்தேன். வேறு யாரும் செய்வதில்லை, இந்த மூளை எனக்கு மட்டும்தான்.

போன வாரம் இங்கே பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். 'நம்முடைய பொதுமக்கள் யார்?' என்று ஆராய்ச்சி செய்ய ஒரு கம்பெனியை வைத்திருக்கிறார்களாம். பொதுமக்கள் யார் என்று கண்டுபிடிக்க அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. மூன்று நாள் இருந்தார்கள். ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தரையில் கலர் டேப் ஒட்டினார்கள், கையில் கடிகாரத்தோடு பின்னாலேயே போனார்கள். ஒரு பாட்டியம்மா பயந்து, "இன்னா, உள்ள போனா டைம் கணக்கா?" என்று போகாமலே திரும்பி வேனில் ஏறிவிட்டார்.

நாள் முழுக்க வாசலில் நிற்பவன் நான். என்னிடம் அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் என் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல் சிரித்தாள். உனக்கு அவர்களைத் தெரியுமா? பெங்களூர் பெரிய ஊர், தெரிந்திருக்காது.

நாற்பத்தைந்தாயிரத்து எழுநூறு. மழை பெய்தாலும் அவசரத்துக்கு யாரும் குடை தேடுவதில்லை. எட்டிவிடலாம்.

அப்பா


படூர்
22.12.2024

அன்பு மகள் துர்காதேவிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

ஒன்பது வாரமாக உன் கடிதம் இல்லை. போனிலும் ஹலோ சொன்னதும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். வேலை நெருக்கடி என்று அம்மா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் இருட்டு அறையில் உட்கார வைத்தார்கள். கடலை நிறுத்திவிட்டு அந்தச் சுவரிலேயே அறிக்கையைப் போட்டார்கள். லதா மேடம் நடு நாற்காலியில். மேடம்தான் இந்த இடத்துக்கு இயக்குநர், மாசம் ஒரு நாள் வருவார், வரும்போதெல்லாம் ஏசி போதவில்லை என்பார். காவலாட்களான நாங்கள் பின்னால் நின்றோம், சாம் எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி. "சுவரில் ஓடும் கடலுக்கு நாற்றம் இல்லை." எனக்குப் புல்லரித்தது. அடடா, பெங்களூரிலும் நம்மை மாதிரியே நினைக்கிற ஒரு ஆள் இருக்கிறானே என்று ஜெயினுலாபுதீனை இடித்தேன். "நீ சொல்ற மாதிரியே கீது அண்ணாத்த" என்றான்.

அப்புறம் அட்டவணை. கூடத்தில் பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறைவாக நிற்பவர் பார்வையாளர் ஆகமாட்டார். அவர் வெறும் 'கடந்துபோகிறவர்'. கடந்துபோகிறவர்களைக் கழித்தால் இந்த வருஷம் கலைவெளிக்கு வந்த பொதுமக்கள் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நான் கட்டைவிரல் தேய அமுக்கின மீதிப் பேர், துர்கா, பொதுமக்கள் இல்லையாம். யார் என்று போடவில்லை.

மூன்றாம் பக்கம் 'எண்ணும் முறையில் உள்ள கோளாறு'. சாம் அதைப் படித்துவிட்டு, தமிழில் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றார். மேடம், "சொல்லுங்க சாம், இட்ஸ் ஸோ ஸ்வீட்" என்றார். அவர் சொன்னார். "வாசல் பணியாளர் ஒருவர் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கர்ப்பிணிகளை இரண்டு பேராகப் பதிவு செய்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். வாசல் பணியாளர் நான் ஒருவன்தான், அதனால் எல்லோரும் திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழக்கம்போல நான்தான் கடைசியில் சிரித்து முடித்தவன்.

பக்கத்தில் ஜெயினுலாபுதீன், "இத்த என்கிட்டகூட சொல்லலியே, யார்கிட்ட சொன்ன?" என்றான். "ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்" என்றேன்.

மறுநாள் கக்கூஸுக்கு முன்னால் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பார்வையாளர் பாஸ் வைத்திருந்தால்தான் திறப்பு. 'அனைவரும் வருக' பலகை அப்படியேதான் இருக்கிறது. ஏஜென்சி சூப்பர்வைசர் சதாசிவம் என் யூனிபாரத்தை முப்பத்தொன்றாம் தேதிக்குள் துவைத்துக் கொடுக்கச் சொன்னார். கடைசியாகப் பார்த்தபோது மிஷினில் நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று முப்பது. சாமிடம் கொடுத்தேன். அவர் அதைப் பூஜ்ஜியமாக்கி மேஜை டிராயரில் போட்டார். என் கண்ணும் அதோடு உள்ளே போனது.

அம்மாவிடம், கம்பெனியில் ஆள்குறைப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பதில் போட அவசரமில்லை. காதைக் கட்டிக்கொள்.

அப்பா


பெங்களூர்
30.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த அறிக்கையை எழுதியது எங்கள் டீம். ஜூலையிலேயே அந்த புராஜெக்ட் எங்களிடம் வந்துவிட்டது. என் அப்பா அங்கே வேலை செய்கிறார் என்று முதலில் நான் சொல்லவில்லை. பிறகு உங்கள் கடிதங்களைப் பார்த்து என் சீனியர், "இந்த வாய்ஸ் எங்க கிடைக்கும்?" என்றார். நீங்கள் எழுதியது அவ்வளவு நன்றாக இருந்தது. கர்ப்பிணி விஷயத்தை ஒரு மனிதத் தொடுதலுக்காகத்தான் நான் சேர்த்தேன், பின்னிணைப்பில், பெயர் இல்லாமல். அதை மூன்றாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. கக்கூஸைப் பூட்டச் சொல்லியும் நாங்கள் எழுதவில்லை. 'வருகையின் நோக்கத்தை ஒழுங்குபடுத்தலாம்' என்றுதான் எழுதினோம்.

ஒரு வழி செய்திருக்கிறேன். மார்ச் ஒன்றாம் தேதி அங்கே புதுக் கண்காட்சி தொடங்குகிறது, தலைப்பு 'எண்ணிக்கைக்கு வெளியே'. அறிக்கையைப் படித்த ஒரு கலைஞர் உங்களால் கவரப்பட்டு இதை உருவாக்கியிருக்கிறார். தொடக்க நாளில் நீங்கள் பழையபடி மிஷினோடு நிற்க வேண்டும். அதுதான் படைப்பு. உங்கள் பெயர் போடுவார்கள், மரியாதையாக நடத்துவார்கள். நன்றாக நடந்தால் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசியிருக்கிறேன், காப்பீட்டோடு. சாம் நேரில் வருவார். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

என் பிரமோஷன் மார்ச்சில் முடிவாகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

துர்காதேவி


படூர்
12.2.2025

மகள் துர்காதேவிக்கு,

நலம். உன் கடிதத்தில் என்னை முதல் முறையாக 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சட்டை பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு படித்தேன்.

ஜனவரியிலிருந்து முட்டுக்காட்டில் படகில் ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை. ஆளுக்கு ஒன்று. கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை, அதனால் குழப்பமில்லை. கண்ணுக்குச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஏப்ரலில் தேதி கொடுத்திருக்கிறார்கள். காப்பீடு தேவையில்லை.

சாம் வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். "அண்ணா, உங்க ஆப்சென்ஸ்தான் இப்ப எங்களோட பிரெசன்ஸ்" என்றார். அம்மா உள்ளே வந்து, "அந்தப் புள்ளைக்கு வூட்ல ஏதாச்சும் கஷ்டமா?" என்று கேட்டாள்.

போகிறேன். நீ 'தயவுசெய்து' என்று எழுதியிருப்பதால் போகிறேன்.

அப்பா


படூர்
2.3.2025

மகள் துர்காதேவிக்கு,

நானும் அம்மாவும் நலம். நேற்று நடந்ததை நம்பர் போட்டுக் கேட்பதற்கு முன்பே நானே எழுதிவிடுகிறேன்.

யூனிபாரத்தை ஏஜென்சி வாங்கிவிட்டதால் ஜெயினுலாபுதீன் அவனுடைய மாற்றுச் சட்டையைத் தந்தான். பெயர்ப்பட்டையில் அவன் பெயர். கழற்றட்டுமா என்று கேட்டேன். கலைஞர் பதறிப்போய், "நோ நோ, அதுதான் அழகு" என்றார். என்னை வெள்ளை அடித்த ஒரு பெட்டி மேல் ஏற்றினார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: 'கண்ணாயிரம். பிறப்பு 1968, படூர். ஊடகம்: காத்திருத்தல்.' பத்து மாசம் அதே வாசலில் நின்றேன், அப்போது அதற்குப் பெயர் டூட்டி. அரை அடி உயரம் ஏறியதும் கலையாகிவிட்டது. பேசக் கூடாது, ஆள் வந்தால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான் படைப்பு.

வந்தார்கள். கைத்தறிச் சேலை, வெள்ளி வளையல், கையில் கண்ணாடிக் கோப்பை. தினமும் காரில் என்னைத் தாண்டிப் போனவர்கள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்கள், அதுவும் முதலில் அட்டையைப் படித்துவிட்டு. ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "வாட் டஸ் ஹி ஃபீல்?" என்று என்னைக் காட்டிச் சாமைக் கேட்டாள். கால் வலிக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியும். என்னைக் கேட்கவில்லையே. கண்ணில் நீர் வழிந்தது, இடது கண், அது எப்போதும் வழிவதுதான். நாலு பேர் அதைப் போட்டோ எடுத்தார்கள்.

நூற்று நாற்பத்திரண்டு ஆனபோது வாசலில் திருவிடந்தை வேன் நின்றது. டிரைவருக்கு விஷயம் தெரியாது, பழைய ஞாபகத்தில், "ஏசி கக்கூஸ், எறங்கு எறங்கு!" என்றான். முதலில் இறங்கியது எட்டு மாச வயிறு. பின்னால் மாலை போட்ட அவள் அண்ணன், மாமியார், சின்னது பெரியது என்று பதினான்கு பேர். புது வாசல்காரன் கையை நீட்டித் தடுத்தான்.

"பாஸ் கீதா?"

"இன்னா பாஸு? அவசரம்ணே, போய்ட்டு ஓடியாந்துடறேன்."

"பாஸ் இல்லாம வுட மாட்டேன். ஃபங்ஷன் நடக்குது பார்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் யூனிபாரம் போட்டு உயரத்தில் நின்றது நான்தான், என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள். "அண்ணே, நீயாச்சும் சொல்லுண்ணே" என்றாள். முகத்தில் வேர்த்து வழிந்தது.

பெட்டியிலிருந்து இறங்கினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன். கோப்பை வைத்திருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கட்டுமரம் இருந்த இடத்தில் இப்போது காலி நாற்காலிகள் தொங்குகின்றன, அதைத் தாண்டி, இருட்டு அறையைத் தாண்டி, சங்கிலி வரை போனோம். ஜெயினுலாபுதீன் சங்கிலிக்கு முன்னால் சிலை மாதிரி நின்றான்.

"சாவி எங்கடா?"

"அண்ணாத்த, எனக்கு வேலை போய்டும்."

"எனக்குத்தான் போய்டுச்சே. குடு, நான் தொறக்கறேன்."

"என்கிட்ட இல்ல" என்றான். சொல்லிவிட்டு, நான் போட்டிருந்த அவன் சட்டையின் பையைப் பார்த்தான். தடவினேன். இருந்தது. அவன் மறந்து வைத்ததா, வைத்துக் கொடுத்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

திறந்தேன். அவள் உள்ளே போனாள். நான் எல்லோரும் பார்க்க மிஷினை உயர்த்தி, ஒன்று, இரண்டு என்று அமுக்கினேன். அந்த அமைதியில் சத்தம் நன்றாகக் கேட்டது.

கூடம் முழுக்கக் கைதட்டியது, துர்கா. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லதா மேடம் எழுந்து நின்று தட்டினார். கலைஞர் இது தான் செய்ததுதான் என்பதுபோலக் குனிந்து வணங்கினார். சாம் ஓடி வந்து காதில், "சூப்பர்ண்ணா, இது ஸ்க்ரிப்ட்ல இல்லையே, தினமும் பண்ணலாமா?" என்றார். பின்னாலேயே மாமியார், மாலைக்காரர், மீதி எல்லோரும் வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அமுக்கினேன், ஒவ்வொருவருக்கும் தட்டினார்கள். மாலைக்காரர் வெட்கப்பட்டுப் பாதியில் திரும்பி வந்துவிட்டார்.

அவள் வெளியே வந்து மிரண்டு நின்றாள். "எதுக்குண்ணே கை தட்றாங்கோ?"

"நீ ஒண்ணுக்குப் போனதுக்குத்தாம்மா."

"ஐயே! இவங்கள்லாம் போவ மாட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வேனுக்குப் போனாள். பத்து மாசத்தில் அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல விமர்சனம் அதுதான்.

மிஷினைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நூற்று ஐம்பத்தேழு காட்டும். பூஜ்ஜியமாக்கிக்கொள்ளச் சொல். வருஷம் முழுக்க நிற்க எனக்கு முடியாது, முட்டுக்காட்டில் ஜாக்கெட் மாட்ட ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸில் தாராளமாகக் காட்டலாம். அதற்காகத்தான் எழுதினேன். உனக்கு எழுத வேண்டியதை எழுதவில்லை.

இன்னும் ஒன்று. என் இடது கண் மங்கல்தான், ஆனால் உன்னை அடையாளம் தெரியாத அளவுக்கு இல்லை. ஆறரை மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டை, கறுப்புச் சேலை, டேப் ஒட்டிய அந்த மூன்று பேரோடு நாலாவதாக நுழைந்தாய். உனக்கும் ஒரு அமுக்கு அமுக்கினேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றாய். எல்லோரும் தட்டியபோது நீயும் தட்டினாய். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்தினாய். அங்கிருந்து படூர் இருபது நிமிஷம்.

அம்மாவுக்கு நீ வந்தது தெரியாது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை மட்டும் அறிக்கையில் போட்டுவிடாதே.

அப்பா